வீட்டு விருந்து நடத்தித் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுதல்: முதன்முறை நடத்துவோருக்கான வழிகாட்டி

வீட்டுக்கு இருபது பேரை அழைத்து, உணவளித்து, அருகிலுள்ள தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக அவர்களிடம் நன்கொடை கேட்பது எளிய காரியம் என்று எண்ணித்தான் என் முதல் விருந்தை நடத்தினேன். விருந்து குறையின்றி நடந்தது. சிக்கல் மறுநாள்தான் தொடங்கியது. வசதிக்காக எல்லோரையும் என் சொந்த வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பச் சொல்லியிருந்தேன். விருந்துக்கு ஆன செலவை அதில் கழித்துக்கொண்டு, மீதியை ஒரே தொகையாக நிறுவனத்துக்கு அனுப்பினேன். பணம் என் கணக்கிலிருந்து வந்ததால் நிறுவனம் என் பெயருக்கே ஒற்றை ரசீதை எழுதிவிட்டது. வரிக் கணக்குக்காகத் தங்கள் பெயரில் ரசீது கேட்ட விருந்தினர்களிடம் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ரசீதைப் பிரித்து எழுதித் தரக் கேட்டு நான்கு மாதம் கடிதம் எழுதினேன். அதற்குள் அவ்வாண்டின் கணக்கை முடித்துவிட்டதாக நிறுவனம் கைவிரித்தது. இத்தனைக்கும் மேலாக, என் கணக்கில் வந்து சேர்ந்த தொகைகள் என் வருமானம் அல்ல என்று என் கணக்காளருக்கே நான் விளக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு நடத்திய விருந்துகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. செய்யும் வரிசையை மாற்றியதுதான் காரணம். விருந்தின் அழகைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அது ஒவ்வொருவருக்கும் கைவந்த கலை. பணம், ஆவணம், நாள் ஆகிய மூன்றையும் எந்த வரிசையில் கையாள வேண்டும் என்பதையே சொல்கிறேன்.

1. தேதி குறிக்கும் முன் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள்

பெரும்பாலோர் முதலில் தேதியைக் குறித்து, நண்பர்களுக்குச் சொல்லிவிட்டு, அதன் பிறகே நிறுவனத்தைத் தொடர்பு கொள்கிறார்கள். இது தலைகீழ் வரிசை. சிறிய நிறுவனங்களில் கணக்கைப் பார்ப்பவர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே வருவார். முடிவெடுக்க வேண்டியவர்கள் மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுவார்கள். ஆகவே, விருந்துக்கு எட்டு வாரங்களுக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். ஆறு வாரங்களுக்குக் குறைவாக இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது.

நிறுவனத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ பின்வருவனவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

– பதிவுச் சான்றிதழின் நகலும் பதிவு எண்ணும்;
– நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு என்று சொல்லப்பட்டால், அதற்கான சான்றிதழும் அது எந்த நாள் வரை செல்லும் என்ற விவரமும்;
– நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கின் விவரம்;
– ரசீதில் கையொப்பமிடுபவர் யார், பணம் சேர்ந்த எத்தனை நாளில் ரசீது வரும் என்ற பதில்;
– அவர்களுடைய பெயரையும் இலச்சினையையும் உங்கள் அழைப்பிதழில் பயன்படுத்த அனுமதி.

பதிவு எண் கிடைத்ததும் அதை நீங்களே சரிபாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு அறநிலைய ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் உள்ளது. அமெரிக்காவில் வருமான வரித் துறையும் கனடாவில் வருவாய் முகமையும் தகுதி பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்கும் வசதியைத் தந்துள்ளன. இந்தியாவில், தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் அரசு இணையதளமான என்ஜிஓ தர்ப்பணில் பல நிறுவனங்களின் பெயர் இருக்கும். ஆனால், அத்தளத்தில் பெயர் இருப்பது வரிச்சலுகைக்குச் சான்றாகாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விருந்தினருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு.

வசூலாகும் தொகை எதற்குச் செலவிடப்படும் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட தேவைக்கு என்று அறிவித்துத் திரட்டினால், அத்தொகையைப் பெரும்பாலான நாடுகளில் வேறு தேவைக்குத் திருப்ப முடியாது. தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டாலோ, போதாமல் போனாலோ என்ன செய்வது? இக்கேள்விக்கு நான் கண்ட எளிய விடை, அழைப்பிதழிலேயே ஒரு வரியைச் சேர்ப்பதுதான்: “இத்தேவைக்கு மேல் சேரும் தொகையும், இத்தேவை நிறைவேறாவிடில் சேர்ந்த தொகையும் நிறுவனத்தின் பொதுப் பணிகளுக்குச் செலவிடப்படும்.” இந்த வரியை நிறுவனம் ஒப்புக்கொண்டதாக மின்னஞ்சல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் சொன்ன சம்மதம் போதாது. “தாராளமாகச் செய்யுங்கள்” என்று உற்சாகமாகச் சொல்பவரும் ரசீது எழுதுபவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள்.

2. பணம் உங்கள் கையைத் தொடாத வழியை அமையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால், இதைப் படியுங்கள். விருந்தினர் தரும் பணம் அவர்களிடமிருந்து நேராக நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். இடையில் உங்கள் கணக்கு வந்தால், ரசீது உங்கள் பெயரில் வரும்; வரித் துறை கேட்டால் விளக்கம் நீங்கள் தர வேண்டும்; நாணயமாக நடந்துகொண்டாலும் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

நேரடியாகச் செலுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நிறுவனத்தின் கணக்குக்கான க்யூஆர் குறியீடு. அதை அச்சிட்டு மேசையில் வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே மிகச் சிறிய தொகை ஒன்றை நீங்களே அனுப்பிப் பாருங்கள். திரையில் தோன்றும் பெயர் நிறுவனத்தின் பெயர்தானா, பணம் சேர்ந்ததா என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சில சிறிய நிறுவனங்களில் பொறுப்பாளர் தம் சொந்தக் கணக்கின் குறியீட்டையே கொடுத்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அதை ஏற்காதீர்கள். விருந்தினரில் ஒருவர் அந்தப் பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினால், அன்றைய வசூல் அத்துடன் நின்றுவிடும்.

இரண்டாவது, இணையவழி நிதி திரட்டும் தளத்தில் ஒரு பக்கம் தொடங்குவது. இதில் மூன்று பொறிகள் உள்ளன. தளமும் பணப் பரிமாற்ற நிறுவனமும் தனித்தனியே ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம். தளத்துக்கான ‘அன்பளிப்பு’ என்று ஒரு தொகையை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். விருந்தினர் கவனித்து நீக்காவிட்டால் அதுவும் சேர்ந்து போகும். திரண்ட பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேரச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தைத் தொடங்கும்போது ‘பணத்தைப் பெறுபவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் அல்லாமல் நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அத்தளம் உங்களுக்கு உதவாது.

மூன்றாவது, காசோலையும் ரொக்கமும். காசோலையை நிறுவனத்தின் முழுப் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள். சுருக்கப் பெயருக்கு எழுதிய காசோலையை வங்கி திருப்பி அனுப்பலாம். ரொக்கத்தை முற்றிலும் தவிர்க்க முடியாது, மூத்தவர்கள் பலர் அப்படித்தான் கொடுக்க விரும்புவார்கள். அதற்காக வரிசை எண் இட்ட உறைகளை முன்பே தயார் செய்யுங்கள். கொடுப்பவர் தம் பெயரையும் தொகையையும் உறையின் மேல் தாமே எழுதி ஒட்டித் தர வேண்டும். திறந்த உண்டியல் ஒன்றைக் கூடத்தில் வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியாது, யாருக்கும் ரசீதும் கிடைக்காது.

நேரடியாகச் செலுத்தினாலும் ஒரு குறை மிஞ்சும். நிறுவனத்தின் வங்கிப் பட்டியலில் கொடுத்தவரின் முழுப் பெயர் பெரும்பாலும் தெரியாது. எனவே, ஒவ்வொரு நன்கொடையாளரும் அரைப் பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். வரி ஆவணங்களில் உள்ளபடி பெயர், முகவரி, மின்னஞ்சல், தொகை, செலுத்திய முறை, பரிமாற்ற எண், உங்கள் நாட்டில் தேவையெனில் வரி அடையாள எண் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ‘என் பெயரை வெளியிடலாம்’, ‘வெளியிட வேண்டாம்’ என்று இரு கட்டங்களையும் சேர்த்துவிடுங்கள். நான் இரண்டாவது விருந்தில் இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தபோது, விருந்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். ரசீது ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தபோது அவர்களே அதைக் குறிப்பிட்டுப் பேசினார்கள். இப்படிவங்களில் பிறருடைய தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால், அவற்றை நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் உங்கள் கைபேசியில் எடுத்த படங்களை அழித்துவிட வேண்டும்.

3. வரிச்சலுகை பற்றி வாய் திறக்கும் முன் விதியைப் படியுங்கள்

“வரிச்சலுகை கிடைக்கும்” என்று அழைப்பிதழில் பொத்தாம்பொதுவாக எழுதுவது மிகவும் பொதுவான தவறு. கொடுத்த பணம் நன்கொடையா, விருந்துக்கான விலையா என்ற கேள்விதான் எல்லா நாடுகளிலும் அடிப்படை. பணம் கொடுத்தவருக்குப் பதிலாக ஏதேனும் கிடைத்திருந்தால், அந்த அளவுக்கு அது நன்கொடை ஆகாது.

அமெரிக்காவில் 75 டாலருக்கு மேல் கொடுத்தவருக்கு விருந்தோ பொருளோ பதிலாகக் கிடைத்தால், அதன் மதிப்பைக் குறிப்பிட்டு நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அம்மதிப்புக்கு மேற்பட்ட பகுதி மட்டுமே வரிக்கழிவுக்குத் தகுதி பெறும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர் நிறுவனத்தின் ஒப்புகைக் கடிதம் இல்லாமல் கழிவு கேட்க முடியாது. பிரிட்டனில் கிஃப்ட் எய்ட் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து நிறுவனம் 25 பென்ஸ் கூடுதலாகப் பெறலாம். ஆனால், வரி செலுத்தும் ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, அதற்கான உறுதிமொழியில் தம் பெயரையும் முகவரியையும் எழுதியிருக்க வேண்டும். இருபது பேரிடம் வசூலித்து நீங்கள் மொத்தமாக அனுப்பிய தொகைக்கு உங்கள் உறுதிமொழி செல்லாது. விருந்துக்கான டிக்கெட் விலைக்கும் அத்திட்டம் பொருந்தாது.

இந்தியாவில் நன்கொடைக்குக் கிடைக்கும், 80ஜி என்ற பெயரில் அறியப்பட்ட வருமான வரிக்கழிவுக்கு, ரொக்கமாகக் கொடுத்த நன்கொடை 2000 ரூபாயைத் தாண்டினால் தகுதி பெறாது. பணமாக அன்றிப் பொருளாகக் கொடுத்ததும் கணக்கில் வராது. புதிய வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இக்கழிவே இல்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நன்கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண் ஆகியவற்றை நிறுவனம் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்த பிறகே உரிய சான்றிதழ் கிடைக்கும் என்பதால், விருந்தன்று தரும் ரசீது மட்டும் போதாது. இன்னொன்று: உங்கள் விருந்தினர்களில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் இருந்தால், அவருடைய பணத்தைப் பெற இந்திய நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், அதற்கெனத் தில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்கே பணம் வர வேண்டும். வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. மேசையில் உள்ள குறியீட்டில் அவசரமாகப் பணம் செலுத்தும் முன் அந்த உறவினரைத் தடுத்து நிறுத்துவது உங்கள் கடமை. இல்லையென்றால் சிக்கலில் மாட்டுவது நிறுவனம்.

நீங்கள் வேறு நாட்டில் இருந்தால், இதே நான்கு கேள்விகளை உங்கள் நிறுவனத்தின் கணக்காளரிடம் கேளுங்கள்: ரொக்கத்துக்கு உச்ச வரம்பு உண்டா, உணவு அளித்தால் ரசீதில் என்ன மாறும், ஒப்புகை எந்தத் தொகையிலிருந்து கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெறலாமா? விடை கிடைக்கும் வரை அழைப்பிதழில் வரியைப் பற்றி எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

4. செலவை யார் ஏற்பது என்பதை முன்பே அறிவியுங்கள்

எனக்குச் சரியாகப் பட்ட வழி, விருந்துச் செலவு முழுவதையும் நடத்துபவரே ஏற்றுக்கொண்டு, அதைத் தம் பங்களிப்பாகக் கருதிக்கொள்வது. அப்போதுதான் “நீங்கள் தரும் ஒவ்வொரு காசும் நிறுவனத்துக்கே போகும்” என்று தயக்கமின்றிச் சொல்ல முடியும். எல்லோராலும் அவ்வளவு செலவை ஏற்க முடியாது என்பது உண்மை. இயலாதவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து நடத்தலாம். ஒருவர் இடம், ஒருவர் உணவு, ஒருவர் அச்சு வேலை என்று பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்.

வசூலிலிருந்து செலவைக் கழித்தே ஆக வேண்டும் என்றால், ‘செலவு போக மீதி’ என்ற சொற்களை அழைப்பிதழில் எழுதி, கழிக்கப் போகும் உச்சத் தொகையையும் குறிப்பிடுங்கள். முழுத் தொகையும் போகும் என்று எழுதிவிட்டுப் பிறகு கழிப்பது வாக்கு மீறல். என் முதல் விருந்தில் நான் செய்ததும் அதுவே. சிங்கப்பூரில் தொண்டு நிறுவனங்கள் ஓராண்டில் நிதி திரட்டுவதற்காகச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி உள்ளது. அது ஊழியர், விளம்பரம் எல்லாவற்றையும் தாங்கும் நிறுவனங்களுக்கான அளவு. வாடகையில்லாத வீட்டில் நடக்கும் விருந்துக்கு அதில் பாதி, அதாவது 15 விழுக்காடு தாண்டினாலே எங்கோ வீண் செலவு நடக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இப்படிக் கணக்கிடுங்கள். அழைப்பவர்களில் எத்தனை பேர் வருவார்கள், வருபவர்களில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று குறைவாகவே மதிப்பிட்டு, அதைக் கொண்டு எதிர்பார்க்கும் வசூலை எழுதுங்கள். தம்பதியராக வருபவர்கள் சேர்ந்து ஒரே நன்கொடைதான் தருவார்கள் என்பதால், இருபது விருந்தினர் என்றால் பன்னிரண்டு நன்கொடைகள் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். அத்தொகையில் 15 விழுக்காடுதான் உங்கள் செலவின் உச்சம். அது போதவில்லை என்று தோன்றினால், வசூல் மதிப்பீட்டை உயர்த்த ஆசை வரும். அதைச் செய்யாமல் உணவுப் பட்டியலைச் சுருக்குங்கள். எல்லாச் செலவுச் சீட்டுகளையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.

5. விருந்தின் வடிவத்தையும் அழைப்பையும் முடிவு செய்யுங்கள்

நான்கு வாரங்களுக்கு முன் அழைப்பை அனுப்புங்கள். பத்து நாட்களுக்கு முன் நினைவூட்டுங்கள். நான்கு நாட்களுக்கு முன் எண்ணிக்கையை முடிவாக்குங்கள். இது நிதி திரட்டும் விருந்து என்பது அழைப்பின் முதல் இரண்டு வரிகளிலேயே தெரிய வேண்டும். வெறும் விருந்து என்று நம்பி வந்தவரிடம் பணம் கேட்டால் அவர் கொடுப்பார். ஆனால், உங்கள் வீட்டுக்கு மறுமுறை வர யோசிப்பார். குறைந்தபட்சத் தொகையை விதிக்காதீர்கள். “வர இயலாதவர்கள் இந்த இணைப்பின் வழியே கொடுக்கலாம்” என்ற ஒரு வரியைச் சேருங்கள். என் அனுபவத்தில் வராதவர்களிடமிருந்தும் கணிசமான தொகை வந்திருக்கிறது.

அழைப்பை உங்களுக்குத் தெரிந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டால், வீட்டு விருந்து பொது நிகழ்ச்சியாகக் கருதப்பட்டு அனுமதிகள் தேவைப்படலாம். நிறுவனத்தின் பயனாளிகளுடைய, குறிப்பாகக் குழந்தைகளின், படங்களை அழைப்பிதழில் போடவே வேண்டாம். அனுதாபத்தைத் தூண்டும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்தக் குழந்தை உங்கள் விருந்தினரில் ஒருவருக்குத் தெரிந்த குழந்தையாக இருக்கக்கூடும். நீங்கள் திரட்டுவது உள்ளூர் நிறுவனத்துக்கு என்பதை மறக்க வேண்டாம்.

பரிசுக் குலுக்கல் நடத்தலாமே என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, அதிர்ஷ்டத்தால் பரிசு பெறுவதைப் பல நாடுகளின் சட்டம் லாட்டரியாகவே பார்க்கிறது. பிரிட்டனில் நிகழ்ச்சியோடு இணைந்த சிறு குலுக்கலை உரிமமின்றி நடத்தலாம். ஆனால், சீட்டை அந்நிகழ்ச்சி நடக்கும்போது அங்கேயே விற்க வேண்டும். அமெரிக்காவில் குலுக்கல் சீட்டின் விலைக்கு வரிக்கழிவு கிடையாது. உங்கள் நாட்டின் விதி உறுதியாகத் தெரியாவிட்டால் குலுக்கலை விட்டுவிடுங்கள். மது விற்பனையும் அப்படியே: விருந்தினருக்கு இலவசமாகப் பரிமாறுவது வேறு, ஒரு கோப்பைக்கு இவ்வளவு என்று பெறுவது வேறு. பின்னதற்கு இங்கிலாந்தில்கூட, வீட்டிலேயே நடந்தாலும், தற்காலிக நிகழ்வு அறிவிப்பை உள்ளாட்சி மன்றத்திடம் வழக்கமாக முழு 10 வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும்.

ஏலத்தில் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால், முதல் விருந்துக்கு அது வேண்டாம் என்பேன். என் நண்பர் ஒருவர் நன்கொடையாகக் கிடைத்த ஒன்பது பொருட்களை ஏலம் விட்டார். இருபது பேர் கூடிய அறையில் நான்காவது பொருளுக்கு மேல் கை உயர்த்த ஆளில்லை. மீதமிருந்த ஐந்தையும் அவரே வாங்கினார்.

6. உணவில் இரண்டு மணி நேர விதியைக் கடைப்பிடியுங்கள்

பேச்சும் நன்கொடையும் நடக்கும்போது சமைத்த உணவு மேசையில் காத்திருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழும், சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும். மறுபடி சூடாக்கினால் 70 டிகிரியை எட்ட வேண்டும். உணவை ஒரே முறையில் அடுக்கிவிடாமல் இரண்டு தவணையாக வெளியே கொண்டு வாருங்கள். ஒவ்வாமை உள்ளவர் யார் என்பதை அழைப்புக்கான பதிலிலேயே கேட்டு வாங்கி, பாத்திரங்களின் அருகில் சேர்பொருட்களை எழுதி வையுங்கள். கொட்டைகள், பால், முட்டை, கோதுமை ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

7. விருந்து நாளில் யார் என்ன செய்வது என்பதைப் பிரித்துக் கொடுங்கள்

வாசலில் வரவேற்பவர், படிவமும் உறைகளும் உள்ள மேசையில் அமர்பவர், உணவைக் கவனிப்பவர், பேசுபவர் என நான்கு பேர் வேண்டும். நடத்துபவரான நீங்கள் இந்நான்கில் பேசுவதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். படிவ மேசையில் அமர்பவர் பொறுமைசாலியாகவும் கையெழுத்து நன்றாக உள்ளவராகவும் இருப்பது நல்லது.

மொத்த விருந்தையும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். தாமதமாக வருபவர்களும் வந்து, முதல் சுற்று உணவு முடிந்து, முன்னதாகக் கிளம்புபவர்கள் கிளம்பாமல் இருக்கும் இடைவெளி ஒன்று உண்டு; அது பெரும்பாலும் தொடங்கிய எழுபதாவது நிமிடத்தை ஒட்டி அமையும். நிறுவனத்திலிருந்து ஒருவர் ஐந்து நிமிடம் பேச, நீங்கள் இரண்டு நிமிடம் பேச வேண்டும். அவருடைய பேச்சு நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து தொடங்காமல், கடந்த மாதம் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஐந்து நிமிடம் இருபத்தைந்து ஆகும். உங்கள் இரண்டு நிமிடத்தில் தேவையான தொகையையும், எதற்கு என்பதையும், எப்படிச் செலுத்துவது என்பதையும் சொல்லி, நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டதையும் சொல்லுங்கள். கொடுத்தவர்களின் பெயரை உரக்க வாசிப்பது வேண்டாம். அதனால் தொகை கூடலாம். கொடுக்க முடியாதவர் கூசிப் போவார்.

விருந்தினர் சென்றதும், களைப்பாக இருந்தாலும் அன்றிரவே உறைகளைத் திறந்து எண்ணுங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணி, உறையின் எண், பெயர், தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். முடிந்தால் அந்த இருவரில் ஒருவர் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். அப்படியானால் ரொக்கத்தை அங்கேயே ஒப்படைத்துத் தற்காலிக ரசீதைப் பெற்றுவிடலாம்.

8. விருந்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்

ரொக்கம் உங்களிடம் இருந்தால் அடுத்த வேலை நாளிலேயே நிறுவனத்தின் கணக்கில் செலுத்துங்கள். வங்கி தரும் செலுத்துச் சீட்டின் நகலை, எண்ணிக்கைத் தாளுடனும் படிவங்களுடனும் சேர்த்து நிறுவனத்துக்கு மூன்று நாட்களுக்குள் அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரு எக்செல் அட்டவணையாகவும் கொடுத்தால் ரசீது விரைவில் வரும். அவர்களுடைய கணக்காளர் பெயர்களைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை அல்லவா!

ஒரு வாரத்துக்குள் எல்லா விருந்தினருக்கும் ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே கடிதம்தான். சேர்ந்த மொத்தத் தொகை, ஆன செலவு, செலவை ஏற்றவர் யார், ரசீது எப்போது வரும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகச் சேர்ந்திருந்தாலும் உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டாவது வாரத்தின் முடிவில் உங்கள் பட்டியலையும் நிறுவனம் பெற்ற தொகைகளையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பொருந்தாது: ஒருவர் பரிமாற்ற எண்ணைத் தவறாக எழுதியிருப்பார், இன்னொருவர் ‘வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்’ என்று படிவத்தை மட்டும் நிரப்பியிருப்பார். பின்னவருக்கு ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். பதில் இல்லையென்றால் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள்.

நான்காவது வாரத்தில் ரசீது வராதவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். நிதியாண்டின் கடைசி இரண்டு மாதங்களில் விருந்து நடந்திருந்தால் இதை இரண்டாவது வாரத்திலேயே செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கு மூடப்பட்ட பிறகு ரசீதில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதும் கடினம். ஆறாவது வாரத்தில் ஒப்புதல் மின்னஞ்சல், எண்ணிக்கைத் தாள், செலுத்துச் சீட்டு, செலவுச் சீட்டுகள், நிறுவனம் தந்த மொத்த ஒப்புகை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து, உங்கள் சொந்த வரி ஆவணங்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்களோ அத்தனை ஆண்டுகள் அவற்றோடு வைத்திருங்கள்.